எங்கள் சாப்ட்பால் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், வேலந்தாவளம், நடுப்புணி பக்கமிருந்து பஸ் ஏறி கொழிஞ்சாம்பாறை வரை வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளி மைதானம் இந்த ஆண்டும் சாயங்காலங்களில் நமக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் ஹோம் பிளேட் (மட்டை பிடிப்பவர் நிற்கும் இடம்) பக்கம் தண்ணீர் தேங்குவது அப்படியேதான் இருக்கிறது. மண் அடித்துத் தரச் சொல்லி பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நம் பி.டி. மாஷ் (உடற்பயிற்சி ஆசிரியர்) மாற்றலாகிப் போனாலும் சனிக்கிழமைகளில் வந்துவிடுகிறார். மாநில எல்லை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்து, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நம்மோடுதான் பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் மாவட்ட அணித் தேர்வு என்று வந்தால் அவர்கள் கோயம்புத்தூருக்கும் நம் பிள்ளைகள் பாலக்காட்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. வருடா வருடம் இதற்காகப் புலம்புகிறோம், இந்த வருடமும் புலம்பினோம்.

சரி, இனி முக்கியமான விஷயம். கடைசி செயற்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், "ஒரு புள்ளையோட தோளுக்கே ஒரு வருசம் போயிருச்சே" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை அன்றைக்கே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும் தெரியட்டும் என்று விரிவாக இங்கே வைக்கிறேன்.

நம் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, 14 வயது, வலது கை. போன ஆண்டு ஒரு போட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், மறுநாளும் அப்படியே. எல்லாவற்றிலும் அவளே வீசினாள். சாப்ட்பாலில் இது எங்கும் நடப்பதுதான். கையைத் தோளுக்கு மேல் ஓங்கி எறியாமல் கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது, ஒரு பிட்சரை வைத்தே போட்டி முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்ததில், விண்ட்மில் முறையில் கையை முழு வட்டமாகச் சுற்றி வேகமாக வீசும்போது தோளை மூட்டிலிருந்து வெளியே இழுக்கும் விசை, பேஸ்பால் பிட்சரின் தோளில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தது. கை உச்சியிலிருந்து இறங்கிப் பந்து விடுபடும் வரை மேற்கையின் முன்பக்கத் தசை கடுமையாக வேலை செய்கிறது. அந்தத் தசை தோளோடு சேரும் இடத்தில்தான் நம் பெண்ணுக்கு வலி வந்தது. தசைநாண் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் பந்தைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

அவள் வீட்டில் அம்மாயிக்கு, அதாவது பாட்டிக்கு, இதில் உடன்பாடில்லை. உழிச்சில் (எண்ணெய் தேய்த்துத் தடவுவது) செய்து தோளை இழுத்துவிட்டால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்றார். வீங்கியிருக்கும் தோளை யாரும் இழுக்கக் கூடாது என்று பிசியோதெரபி சேச்சி கறாராகச் சொல்லிவிட்டார். பயிற்சித் தாளை அவர் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். பெண் படிப்பது தமிழ் மீடியம் என்பதால் மாஷ் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, படம் போட்டு விளக்கினார். அதில் தோளுக்கு இருந்ததைவிடத் தோள்பட்டை எலும்புக்கும் இடுப்புக்கும் ஒற்றைக் காலில் நிற்பதற்கும் கொடுத்திருந்த பயிற்சிகள்தான் அதிகம். வலி தோளில், உடற்பயிற்சி காலுக்கா என்று அவள் அப்பா கேட்டார்.

காலுக்குத்தான். காரணம் பழைய வீடியோக்களைப் பார்த்தபோது தெளிவாகவே தெரிந்தது. பிட்சர் நின்று வீசும் பிட்சிங் பிளேட்டின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு நேராக ஒரு கோடு போட்டால், அவளுடைய இடது கால் அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம், அதாவது மூன்றாம் பேஸ் (ஓடுபவர் மூன்றாவதாகத் தொடும் இடம்) பக்கம், போய் விழுந்துகொண்டிருந்தது. கால் குறுக்கே விழுந்தால் இடுப்பு வழியை அடைத்துக்கொள்ளும். நேராகக் கீழே வர வேண்டிய கை உடம்பைச் சுற்றிக்கொண்டு வரும். பந்து கோட்டைவிட்டு விலகும். அதைத் தோளால் இழுத்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை இழுப்பது?

கவண் வீசத் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: கால் உறுதியாக நின்றால்தான் கயிறு ஓடும், கால் சறுக்கினால் கல் எங்கோ போகும். முன்கால் ஊன்றி உடம்பை நிறுத்தும்போதுதான் ஓட்டத்தின் வேகம் இடுப்பு வழியாகக் கைக்கு ஏறுகிறது. முட்டி மடங்கி உடம்பு முன்னால் வழிந்துவிட்டால் அந்த வேகத்தையும் தோளே உண்டாக்க வேண்டியிருக்கும்.

ஓய்வு முடிந்து திரும்பி வந்தபோது வேறு சில கோளாறுகளும் சேர்ந்திருந்தன. வலித்த இடத்தை உடம்பு மறக்கவில்லை. கையை முழு வட்டமாகச் சுற்றாமல் முழங்கையை மடக்கிக்கொண்டு பந்தைத் தள்ளினாள். பந்தை விடும் நேரத்தில் முதுகு முன்னால் குனிந்தது. போதாததற்கு அந்த மாதங்களில் நன்றாக உயர்ந்திருந்தாள். அவள் அம்மா சீருடைப் பாவாடையின் விளிம்பைப் பிரித்துவிட்டிருந்தார். கால் நீண்டுவிட்டது, ஆனால் அடி எடுத்துவைக்கும் நேரக்கணக்கு பழைய உயரத்துக்கானது. ஆகவே காயத்துக்கு முன்னால் எப்படி வீசினாளோ அப்படியே வீசவைக்கலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. அந்த வீச்சுதான் தோளைக் கெடுத்தது, அந்த உடம்பும் இப்போது இல்லை.

நாங்கள் முடிவு செய்தது இதுதான்: கையைப் பற்றி யாரும் அவளிடம் பேசக் கூடாது. நம் மைதானத்தில் இது லேசான காரியமில்லை. வேலிக்கு வெளியே நிற்பவரெல்லாம் இங்கே கோச். "முழங்கையைத் தூக்கு, மணிக்கட்டைச் சுண்டு" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். பந்தை விட்டபின் முழங்கையை முகத்துக்கு நேரே தூக்கி முடிக்கச் சொல்வது பழைய பாடம். வேகமாக வீசும் நல்ல பிட்சர்களை ஸ்லோமோஷனில் பாருங்கள், யாரும் அப்படி முடிப்பதில்லை. முன்கை இடுப்பை உரசி உள்பக்கமாகத் திரும்பும், பந்து போன பிறகு கை தளர்ந்து தானாக நிற்கும்.

முதலில் பந்தே இல்லை. கயர் (தென்னை நார்க் கயிறு) ஒன்றைத் தரையில் நேராக இழுத்துக் கட்டி, இடது கால் அதன்மேல் விழும்படி அடி எடுத்துவைப்பது மட்டும்தான். பாதம் ஹோம் பிளேட்டைப் பார்த்து நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக ஊன்ற வேண்டும், முட்டி மடங்கிவிடக் கூடாது. அப்புறம் வலைக்குப் பக்கத்தில் நின்று முன்கையால் மட்டும் பந்தை விடுவது. அடுத்தது பாதி வட்டம். மூன்றாம் பேஸ் பக்கத்தில் நின்று பிட்சரைக் கடிகாரமாகப் பார்த்தால் தலைக்கு மேல் 12, முதுகுப் பக்கம் 9, தொடையருகே 6. 9லிருந்து 6க்கு வரும் அந்தக் கால் பங்கு வட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 9ல் உள்ளங்கை பின்னால் இரண்டாம் பேஸைப் பார்த்திருந்தால் அங்கிருந்து தள்ளத்தான் முடியும். உள்ளங்கை மேலே பார்த்து, முழங்கை தளர்ந்திருந்தால் கை சாட்டையாக வரும். இதற்குப் பிறகே முழு வட்டம், அதன் பிறகு காலோடு சேர்ந்த வட்டம், பிறகு தூரம். வேகம் கடைசி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீச்சு. மறுநாள் காலையில் தோளில் வலி இல்லையென்றால் அடுத்த படி, வலி இருந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

அவள் பலமுறை திரும்பினாள். ஓணம் விடுமுறையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பள்ளி திறந்ததும் மறுபடி முதுகு குனிந்தது. மாஷ் பொறுமையாகக் கயருக்கே கூட்டிப் போனார். கால் கோட்டில் விழத் தொடங்கிய பிறகு, யாரும் சொல்லாமலே முழங்கை தளர்ந்ததை வீடியோவில் பார்த்தோம். என் கணக்கில் இந்த ஆண்டின் வெற்றி அதுதான், கோப்பை இல்லாவிட்டாலும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாப்ட்பால் திரும்ப வருகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து சில பெற்றோருக்கு அவசரம் கூடியிருக்கிறது. (ஆட்டங்கள் நடப்பது லாஸ் ஏஞ்சலஸில் அல்ல, ஓக்லஹோமா சிட்டியில் என்பது வேறு கதை.) ரைஸ் பால் (மேலெழும்புவது போல வரும் பந்து) எப்போது சொல்லித் தருவீர்கள் என்கிறார்கள். 14 வயதில் நேரான பந்தும், அதே கைவீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப்பும் இருந்தால் போதும் என்பது மாஷின் கருத்து, என் கருத்தும் அதுவே.

பொங்கலுக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்ததால் பொள்ளாச்சிப் பக்கத்து அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு இன்னிங்ஸ் மட்டும் கொடுத்தோம். முதல் இரண்டு பேரையும் வாக்கில் (தப்பான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸுக்கு) விட்டாள், அடுத்தவள் அடித்ததில் எதிரணிக்கு ஓட்டமும் போனது. ஆனால் தடுமாறிய நேரத்திலும் கால் கோட்டில்தான் விழுந்தது, தோளைப் பிடிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றோம்.

இப்போது முழு 43 அடி தூரத்திலிருந்து வீசுகிறாள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வீச அனுமதி இல்லை, இந்த ஆண்டு முழுவதும் இருக்காது. போட்டி நடத்துபவர்கள் எப்படி அட்டவணை போட்டாலும் இதுதான் நம் நிலை. அதற்காகவே சின்ன வகுப்புப் பெண்கள் இருவரைப் பிட்சிங்குக்குத் தயார் செய்கிறோம்; அவர்களும் கயரில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவர்களின் வழிகாட்டி ஒன்று 13, 14 வயதுக்கு ஒரு ஆட்டத்தில் 80 பந்து என்று எல்லை வைக்கிறது. நாம் அதற்கும் கீழேதான் நிறுத்துவோம். பந்துகளை எண்ணி எழுத ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். எண்ணுவதற்குச் சனிக்கிழமைகளில் பெற்றோர் ஒருவர் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மாஷிடம் பெயர் கொடுக்கவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.