பொருள்: வேளச்சேரி கிளையில் சனிக்கிழமை இரவு வாங்கிய நான்கு பர்கர்கள்

வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு ஏழே முக்காலுக்கு உங்கள் வேளச்சேரி கிளையில் நான்கு பர்கர் பார்சல் வாங்கினேன். பில் 915 ரூபாய். பணத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை, ஆனால் பணமும் வேண்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நமக்குப் பிடித்த மாதிரி நாமே பர்கரை அமைத்துக்கொள்ளலாம் என்பதுதானே உங்கள் கடையின் பெருமை. கவுன்டரில் ஒரு தாள், நூலில் கட்டித் தொங்கும் பென்சில், எந்த பன், பன்னுக்கு நடுவில் வைக்கிற வட்டத் துண்டு, அதாவது பேட்டி, எது, சீஸ் எத்தனை, எந்த சாஸ் என்று வரிசையாகக் கட்டங்கள். நானும் பரீட்சை எழுதுகிற மாதிரி நின்று நாலு தாள் நிரப்பினேன். எனக்கு சிக்கனோடு சீஸ், பொரித்த முட்டை, ஹாலபீனோ மிளகாய். கணவருக்குக் காளான். எட்டு வயது மகனுக்கு இரண்டு சீஸ், காரம் எதுவும் கூடாது, தக்காளி கூடாது. என் மாமியார் முட்டையைத் தொடமாட்டார், அதனால் அவருக்குப் பனீர், முட்டை இல்லாத மயோனைஸ். டிக் அடித்தது போதாது என்று ஓரத்தில் "முட்டை கூடாது" என எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த மயோனைஸுக்குத் தனியாக 20 ரூபாய் வாங்கினீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மேடவாக்கம் வந்து சேர அரை மணி நேரம். நாலு டப்பாவும் ஒரே மாதிரி, எது யாருடையது என்று மேலே ஒரு எழுத்துகூட இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, பன்னைத் தூக்கிப் பார்த்துத்தான் பிரித்தோம். என்னுடையதில் முட்டை இல்லை, ஹாலபீனோவும் இல்லை. அந்த ஹாலபீனோ எங்கே போனது என்பது மகன் முதல் கடி கடித்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர், சர்க்கரை, அழுகை. தக்காளியும் அவனுடையதில்தான் இருந்தது, அதுவும் இரண்டு வில்லை.

சரி, அவசரத்தில் மாறியிருக்கும் என்று கடைக்கு போன் போட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேச்சுவாக்கில், பனீர் பர்கரில் முட்டை இல்லாத மயோதானே போட்டீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே மயோதான்க்கா" என்றார். முட்டை சேர்ந்ததா சேராததா? "அது தெரியலக்கா, கம்பெனிலேர்ந்து வருது." அதற்குள் மாமியார் பாதி சாப்பிட்டு முடித்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "விடும்மா, தெரியாமத்தானே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இந்தத் "தெரியல" தான் என் புகாரே. மயோனைஸ் பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம், முட்டையும் அதில் அடக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிகிற அடையாளம். ஆனால் நீங்கள் பாக்கெட்டைப் பிரித்து, பெயரோ தேதியோ ஒட்டாத பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வைக்கிறீர்கள், அதற்கப்புறம் பீய்ச்சுகிற பையனுக்கு எப்படித் தெரியும்? 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டதே, சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் பரவும் என்றுதான். அதற்குப் பிறகும் ஒரு பர்கர் கடையில் இருப்பவருக்குத் தன் கையில் இருப்பது எந்த மயோனைஸ் என்று தெரியவில்லை என்றால் நான் என்ன நினைப்பது? நம்பிக்கை, விரதம் எல்லாம் கிடக்கட்டும், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை யாராவது அதைச் சாப்பிட்டிருந்தால்?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடி பன் ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. பன்னை வெண்ணெயில் வாட்டி, பேட்டிக்குக் கீழே ஒரு லெட்டூஸ் இலை வைத்தால் சாறு இறங்காது, நான் வீட்டிலேயே அப்படித்தான் செய்வேன். டப்பாவில் ஆவி வெளியேற ஓட்டையும் இல்லை. டப்பாவுக்குப் பத்து ரூபாய் வீதம் நாற்பது ரூபாய் வாங்கினீர்கள், ஒரு ஓட்டை போடக் கூடாதா?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சிக்கன் பேட்டி அருமை, உள்ளே காயாமல் பதமாக இருந்தது. எங்கள் அடுக்ககத்தில் உங்கள் கடையைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கடையிலேயே நின்று சாப்பிட்டவர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ, பார்சல் வாங்கியவர்கள் எல்லாம் என்னைப் போலப் புலம்பல். எதிரே ஆள் நின்றால் தாளைப் பார்த்துப் போடுகிறீர்கள், பார்சல் என்றால் கைக்கு வந்ததைப் போடுகிறீர்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் செயலியில் புகார் பதிந்தேன். பதிலுக்கு ஒரு கூப்பன் வந்தது, அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி, குறைந்தது 999 ரூபாய்க்கு வாங்கினால். மன்னிப்புக் கேட்பதற்கும் எங்களிடமே காசு கேட்கிறீர்களே!

கூப்பன் வேண்டாம். பனீர் பர்கருக்கு 179, அதன் டப்பாவுக்கு 10, என் பர்கரில் போடாத முட்டைக்கு 25, ஹாலபீனோவுக்கு 20, ஆக 234 ரூபாய். ஐந்து சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 245 ரூபாய் 70 காசு. இதை நான் பணம் செலுத்திய யுபிஐ கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கூடவே, அன்று இரவு அந்த பாட்டிலில் இருந்தது முட்டை சேர்ந்த மயோனைஸா, சேராததா என்று எழுத்தில் ஒரு பதில் வேண்டும். முட்டை இல்லாதது உங்களிடம் கிடையவே கிடையாது என்றால் தாளில் அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள், அதற்கு 20 ரூபாய் வாங்காதீர்கள்.

பில்லின் படமும் நான் நிரப்பிய நாலு தாளின் படமும் இணைத்திருக்கிறேன். பத்து நாள் பார்ப்பேன், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பதிவு செய்துவிடுவேன். மாமியார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதற்காகவாவது சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்