பையில் கூடுதலாக இருக்கும் ஆறாயிரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் ஆட்டோ வரும். 'சொத்து வரி நிலுவை வைத்திருப்போர் உடனே செலுத்தவும், தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போகும். இந்த வருடமும் வந்தது. தப்பில்லை, கட்டாதவரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மாநகராட்சி எனக்குத் தர வேண்டிய 6,000 ரூபாய்க்கு நான் எந்த ஆட்டோவை வாடகைக்குப் பிடிப்பது?

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வீடு வீட்டு வசதி வாரியத்தின் வரிசை வீடுகளில் ஒன்று. 780 சதுர அடி, தரைத்தளம் மட்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, வெயில் காலத்தில் என் மனைவி காயவைக்கும் வடகம், இவ்வளவுதான். அரையாண்டுக்கு 936 ரூபாய் வரி கட்டிவந்தேன். 2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்கச் சொத்து வரியை ஏற்றினார்கள். வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. (சென்னையின் பழைய பகுதிகளுக்கு இதைவிட அதிகம்.) அந்தக் கணக்குப்படி எனக்கு 1,404 வர வேண்டும். வந்தது 2,604.

'எல்லாருக்கும்தான் ஏறியிருக்கு' என்றார்கள். சரி என்று கட்டிவிட்டேன். சில்லறைக் கணக்கில் ஒரு ரூபாய் விடாத மனிதர் இதில் எப்படி ஏமாந்தீர்கள் என்று மகள் இன்றைக்கும் கேட்கிறாள். பதில் இல்லை. அரசாங்க ரசீது என்றால் அதில் கணக்குத் தப்பாக இருக்காது என்ற நினைப்புதான்.

அப்படி ஐந்து அரையாண்டு ஓடியது. 2024 ஆகஸ்டில் எதிர்வீட்டுக்காரர் தன் வரியை என் செல்போனில் கட்டித்தரச் சொன்னார். அவருடைய எண்ணைப் போட்டால் 1,404 என்று வருகிறது. இரண்டும் ஒரே பிளான், ஒரே அளவு, ஒரே வருடம் ஒப்படைத்த வீடுகள். அவர் வீட்டில் கூடுதலாக ஒரு முருங்கை மரம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, என் வீட்டு அளவீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். தரைத்தளம் 780, முதல் தளம் 460, மொத்தம் 1,240 என்று இருந்தது. என் வீட்டுக்கு ஏது முதல் தளம்? விசாரித்தால், அடுத்த குறுக்குத் தெருவில் எங்கள் வீட்டின் அதே கதவிலக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு மாடி என் கணக்கில் ஏறியிருக்கிறது. (அவர் எவ்வளவு கட்டினார் என்று நான் கேட்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க இந்தக் கடிதம் எழுதவில்லை.) அந்த மாடியைச் சேர்த்ததில் பழைய வரி 936 என்பதே 1,488 ஆகிவிட்டது. போதாததற்கு 1,200 சதுர அடியை 40 அடி தாண்டியதால், 50 சதவீதத்துக்குப் பதில் 75 சதவீதம். இல்லாத மாடிக்கும் வரி, அந்த மாடியின் பெயரால் இருக்கிற வீட்டுக்கும் கூடுதல் வரி.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மனு கொடுத்த மூன்றாவது வாரமே ஓர் இளைஞர் டேப்போடு வந்தார். மாடி ஏறிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். மோர் குடித்தார், 'தப்புதான் சார்' என்றார். அடுத்த அரையாண்டுக்கு 1,404 என்று திருத்தியும் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் நல்லபடி. அப்புறம் நான் ஏற்கெனவே கட்டிய கூடுதல் தொகையைப் பற்றிக் கேட்டேன். அரையாண்டுக்கு 1,200 வீதம் ஐந்துக்கு 6,000. 'இனிமேல் வர்றதுக்குத்தான் சார் திருத்த முடியும், பழசுக்கு சிஸ்டத்துல வழி இல்ல' என்றார்கள். மேலதிகாரியிடம் மனு கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுவும் ஊரைச் சுற்றிவிட்டு அதே மேஜைக்கே வந்து சேர்ந்தது.

வழி இல்லை என்பதை நம்பியிருப்பேன், 2019 நினைவுக்கு வராமல் இருந்தால். 2018 ஜூலையில் இதேபோல் ஓர் உயர்வு வந்தது, வீடுகளுக்கு 50 சதவீதம் வரை. மூன்று அரையாண்டு வசூல் நடந்த பிறகு, 2019 நவம்பரில் அரசு அதை நிறுத்தி வைத்தது. அதிகமாகக் கட்டியதை வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்வோம் என்றும் அறிவித்தது. எனக்கு 468 வீதம் மூன்று முறை, 1,404 ரூபாய் கழிந்தது. ஒன்றரை அரையாண்டுக்கு நான் பைசா கட்டவில்லை. மனுவும் எழுதவில்லை. மாநிலம் முழுவதற்கும் செய்யத் தெரிந்த கழித்தல் கணக்கு, ஒற்றை ஆளுக்கு மட்டும் எப்படி முடியாமல் போகும்?

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பயணிகளுக்குத் தெரிந்திருக்காது. நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் பையிலுள்ள பணத்தை எண்ணுவார். டிக்கெட் கணக்கைவிடக் குறைந்தாலும் மெமோ, கூடினாலும் மெமோ. கூடினால் என்ன தப்பு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். 'யாரோ ஒருத்தருக்கு டிக்கெட் கொடுக்கலை, இல்லேன்னா மீதி கொடுக்கலைன்னு அர்த்தம்டா' என்றார் மூத்த நடத்துநர். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதி வட்டம் போட்டுக் கொடுப்போம். ஒருமுறை 33 ரூபாய் பாக்கியை மறந்து ஓர் அம்மா இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அதே வண்டியில் ஏறி, கசங்கிய டிக்கெட்டை நீட்டினார். என் கையெழுத்து. கொடுத்துவிட்டேன். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

அந்த வட்டத்தைத்தான் மாநகராட்சியிடம் கேட்கிறேன். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். நாங்கள் வரி கட்டத் தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி போடுகிறார்கள். அதுபோல என் பணத்துக்கு வட்டி போட்டுத் தரும்படி நான் கேட்கவில்லை. அடுத்த கேட்பு ரசீதில் 'வரவு 6,000' என்று ஒரு வரி இருந்தால் போதும். நான்கு அரையாண்டுக்கு மேல் தாங்கும். கூடவே, கட்டட அளவையும் தளங்களையும் ரசீதிலேயே அச்சிட்டால் நல்லது. இப்போது தொகை மட்டும்தான் இருக்கிறது. எத்தனை சதுர அடிக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள 10 ரூபாய் வில்லையும் ஒரு மாதக் காத்திருப்பும் தேவைப்படுகின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்

பி.கு.: என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். என் ஃபைல் இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது.