வீட்டு அலங்காரப் பக்கத்துல எங்க கடக்கரைக்கும் கொஞ்சம் எடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வீடு சம்பந்தமா வர்ற பக்கத்த விடாம படிக்கிறவன் நான். கப்போர்டு, கிச்சன், கட்டில், கதவுன்னு மர வேலை செஞ்சு குடுக்குறதுதான் தொழில், ஒரு பக்கம் ராமநாதபுரத்துல இருந்து மண்டபம் பாம்பன் வரைக்கும், இன்னொரு பக்கம் பெரியபட்டினம் கீழக்கரை ஏர்வாடி வரைக்கும் வேலைக்குப் போயிட்டு வர்றேன். சமீபத்துல வந்த உள் அலங்காரக் கட்டுரைல பேலன்ஸ், புரபோர்ஷன், ரிதம், ஃபோகல் பாயிண்ட், கலர் ஹார்மனின்னு அடிப்படை எல்லாத்தையும் எழுதிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு. ஆனா கூட போட்டிருந்த படம் பூரா பெரிய ஊரு அப்பார்ட்மெண்ட், ஏசி போட்டு ஜன்னலையே தொறக்காத வீடு. எங்க ஜனங்க கட்டுரைய தாண்டிப் போயிட்டு படத்த மட்டும் போன்ல எடுத்து எனக்கு அனுப்புறாக, பாதிப்பேரு துபாய்லயும் சவுதிலயும் உக்காந்துக்கிட்டு அனுப்புறாக, "இதே மாதிரி அப்படியே வேணும்ணே, ஒரு இன்ச் மாறக் கூடாது"ன்னு.

அதனாலதான் இந்த லெட்டர். அடிப்படை எல்லா ஊருக்கும் ஒண்ணுதான், ஆனா அத எங்க ஊரு வெயில்லயும் காத்துலயும் உப்புலயும் வச்சு சொல்லிக் குடுத்தாத்தான் எங்களுக்கு ஒதவும், வெறும் படம் எங்களுக்கு செலவத்தான் இழுத்து விடுது.

ரிதம்னா என்னன்னு கட்டுரைல ஒரு குஷன் படத்த போட்டு வெளக்கிருந்தீங்க. எங்க மாவட்டத்துக்காரவுகளுக்கு அத வெளக்கணும்னா ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிரகாரத்துக்கு கூட்டிட்டுப் போனா போதும், ஒரு மூலைல நின்னு பாத்தா தூணு, எடவெளி, தூணு, எடவெளின்னு ஒரே அளவுல போயிக்கிட்டே இருக்கும், 1212 தூணுன்னு கணக்கு சொல்றாக, எண்ண வேண்டியதே இல்ல, கண்ணு தானா இழுத்துக்கிட்டுப் போயிரும். அதத்தான் ஒரு சின்ன ஹால்லயும் செய்யணும், கப்போர்டு கதவு அகலம் ஜன்னல் கதவு அகலத்தோட ஒத்துப் போகணும், கைப்பிடி எல்லாம் ஒரே மட்டத்துல வரணும். இதுக்கு காசு கூடுதலா ஆகாது. ஆனா இன்னைக்கு போற வீடெல்லாம் ஒரு கதவு ஒன்னரை அடி, பக்கத்துக் கதவு ரெண்டே கால், மேல லாஃப்ட்டு கதவு இன்னொரு அளவு, அதுல மேல ஒட்டுற லேமினேட் ஷீட்டு மூணு கலர்ல வேற.

புரபோர்ஷன், அதாவது அளவுப் பொருத்தம், அது கதையும் அதுதான். பத்துக்கு பன்னெண்டு ஹால்ல எல் சோஃபா போட்டுட்டு, நடுவுல டீப்பாயும் போட்டுட்டு, வீட்டுக்கு வந்தவுக பக்கவாட்டுல நடந்து போறாக. ஆளு தாராளமா நடக்குற வழிக்கு மூணு அடி வேணும், சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல ஒன்னரை அடி வேணும், இத மொதல்ல தரைல சாக்பீஸ்ல கோடு போட்டுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போகலாம். ஃபால்ஸ் சீலிங் இன்னொரு கொடுமை, பத்தடி உசர வீட்டுல ஒரு அடிய அது தின்னுரும், ஃபேன் இறக்கைக்கு மேல காத்து இழுக்க எடவெளி இல்லாமப் போயி சத்தம்தான் வரும் காத்து வராது. கடக்கரை ஈரத்துல ஜிப்சம் போர்டு நாளடைவுல தொங்கவும் செய்யும். ஏசி போட்டு மூடி வைக்கிற வீட்டுக்கு செஞ்ச விஷயத்த தெக்கத்திச் சோழகக் காத்து அடிக்கிற ஊருல வந்து ஏன் மாட்டணும்?

காத்துன்னதும் இன்னொண்ணு. காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்த தாண்டுனா பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்தி வச்ச ஊரு இது. சோழகம் தெக்க இருந்து, வாடை வடக்க இருந்து, கச்சான் மேக்க இருந்து, கொண்டல் கிழக்க இருந்துன்னு கடலுக்குப் போற சின்னப் பையன் கூட சொல்லுவான், ஆனா வீட்டு பிளான்ல இது எதுவும் இருக்காது. தெக்குப் பக்கத்து ஜன்னலுக்கு நேரா ஆறடி வார்ட்ரோப் வைக்கச் சொல்றாக, ஏன்னா படத்துல வார்ட்ரோப் அங்கதான் இருக்கு. உள்ள வர்ற காத்துக்கு வெளிய போக எதிர்ப்பக்கம் ஒரு வழி வேணும், அந்த ரெண்டையும் மறைக்காத சுவர கண்டுபிடிச்சிட்டு அப்புறம்தான் கட்டில் எங்க, பீரோ எங்கன்னு யோசிக்கணும். நான் அளவெடுக்கப் போனா மொதல்ல கேக்குறது இதுதான், ராத்திரி எந்த ஜன்னல தொறந்து வச்சு தூங்குவீகன்னு.

இப்ப கிச்சனுக்கு வர்றேன், இதுல கொஞ்சம் நிறைய எழுதுறேன் பொறுத்துக்கங்க. ஒரு வீட்டுல வேற ஆளு செஞ்ச மாடுலர் கிச்சன், ஒரு கதவு எறங்கிருச்சு சரி பண்ணணும்னு கூப்பிட்டாக. சிம்னி, டால் யூனிட்டுங்கிற உசரமான அலமாரி, கருப்பு கிரானைட்டுன்னு உள்ள பளபளன்னு இருக்கு. அந்தப் பொண்ணு கொல்லைல துணி தொவைக்கிற கல்லுப் பக்கத்துல உக்காந்து, அருவாமனைய காலால அமுக்கிக்கிட்டு சங்கரா மீன் ஆஞ்சுக்கிட்டு இருக்கு, வெயிலு மண்டைல அடிக்குது, காக்காவ வெரட்ட ஒரு குச்சி பக்கத்துல. "உள்ளதான் அம்புட்டுப் பெரிய சிங்க் இருக்கேம்மா"ன்னேன். "அதுல எங்கண்ணே ஆயுறது, நின்னுக்கிட்டு கத்தியால செதில் எடுத்தா சுவரு பூரா தெறிக்குது, லைட்டு முதுகுக்குப் பின்னாடி இருக்கு, என் நெழலு என் கை மேலயே விழுகுது, முள்ளு குத்துனப்பறம்தான் முள்ளுன்னு தெரியுது"ன்னுச்சு. அவ்வளவு செலவு பண்ணுன கிச்சன், அதுல தெனமும் செய்யுற முக்கியமான வேலைக்கு எடமில்ல.

கிச்சனுக்கு உலகம் பூரா ஒரு கணக்கு சொல்றாங்க, அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூணையும் கோடு போட்டு சேத்தா ஒரு முக்கோணம் வரும், அதுல ஒவ்வொரு பக்கமும் 4 அடில இருந்து 9 அடிக்குள்ள இருக்கணும், மூணையும் கூட்டுனா 13 அடிக்கு கொறையாம 26 அடிக்கு மேல போகாம இருக்கணும். 1940கள்ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில வீட்டு வேலைய ஆராய்ச்சி பண்ணி வந்த கணக்கு இது, இன்னைக்கும் நல்லா ஒதவுது, நான் வச்சுத்தான் செய்யுறேன். ஆனா எங்க கடக்கரை வீட்டுக்கு மீன் ஆயுற எடம்னு நாலாவதா ஒண்ண சேக்கணும். கிச்சன ஒட்டி பின்னாடி நாலடிக்கு மூணடி கெடைச்சா போதும், உக்காந்து வேலை செய்ய ஒரு சாண் உசரத்துல மேடை, பக்கத்துல குழாய், செதில் அடைக்காம சல்லடை மூடி போட்ட தண்ணிப் போக்கு, முகத்துக்கு முன்னாடி மேல ஒரு லைட்டு, தலைக்கு மேல நெழலு. அந்த வீட்டுலயே அப்புறம் அப்படித்தான் செஞ்சு குடுத்தோம்.

கிச்சன் மேடை உசரமும் அப்படித்தான், எல்லாரும் ஒரே அளவு வைக்கிறாக. சமைக்கிறவுக நிமுந்து நின்னு கைய மடக்குனா முழங்கை எந்த உசரத்துல வருதோ அதுல இருந்து மூணு நாலு இன்ச் கீழ இருந்தா தோள் வலிக்காது. கொத்தனாரு அவரு உசரத்துக்கு கட்டிட்டுப் போயிருவாரு, அஞ்சடி கூட இல்லாத பொம்பளைப்பிள்ளை வாழ்க்கை பூரா தோளத் தூக்கிக்கிட்டு காய் வெட்டணும். தயவுசெஞ்சு உங்க பக்கத்துல இத பெரிய எழுத்துல போடுங்க.

லைட்டு விஷயத்துல சுருக்கமா சொல்றேன். ரூம் பூராவுக்கும் ஒரு வெளிச்சம், வேலை செய்யுற எடத்துக்கு ஒரு வெளிச்சம், கண்ணுக்குக் காட்ட வேண்டிய பொருளுக்கு ஒரு வெளிச்சம், மூணும் தனித்தனி. எங்க ஊருல மொத ரகம் மட்டும்தான் இருக்கு, அதுவும் 6500 கெல்வின் நீல வெள்ளை எல்இடி, அதுல மனுஷ முகமே வெளிறிப் போயித் தெரியும். படுக்குற ரூமுக்கு மஞ்சள் சாயல்ல வர்ற 3000 கெல்வின் வாங்கிப் போடுங்க, டப்பாலயே எழுதியிருக்கும். கிச்சன் மேல் கப்போர்டுக்கு அடில ஒரு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுனா கை நெழல் பிரச்சனை அன்னைக்கே தீந்துரும்.

கலருக்கு 60, 30, 10னு ஒரு வழி இருக்கு, சுவரு மாதிரி பெரிய பரப்புக்கு அறுபது பங்கு ஒரு கலர், சோஃபா திரை மாதிரி சாமானுக்கு முப்பது, பத்து பங்கு மட்டும் எடுப்பான கலர். நல்ல வழிதான். ஆனா படத்துல இருக்கிற பால் வெள்ளைய மணல்லயும் கடல்லயும் வெயில் பட்டு கூசுற எங்க ஊரு ஹால்ல அடிச்சா மத்தியானம் உள்ள உக்காந்து கண்ணத் தொறக்க முடியல, கொஞ்சம் மங்கலான சந்தனம், கோழிமுட்டைக் கலர், வெளிறுன பச்சைன்னு போனா கண்ணு அடங்குது. கடைல ட்யூப்லைட்டுக்கு அடில அட்டையப் பாத்து கலர் எடுக்காம, சாம்பிள் டப்பா வாங்கி சுவருல ரெண்டடிக்கு ரெண்டடி பூசி காலைல, உச்சி வெயில்ல, ராத்திரி லைட்டுலன்னு பாத்துட்டு முடிவு பண்ணணும்.

எல்லாத்த விடவும் என் வயித்தெரிச்சல் உப்புதான். 2025ல தொறந்த புது பாம்பன் பாலத்துக்கு ரயில்வேகாரவுக துருப்பிடிக்காத கம்பி போட்டு, அரிப்பு தாங்குற தனி பெயிண்ட் அடிச்சிருக்காக, ஏன்னா இந்தக் காத்து என்ன செய்யும்னு அவுகளுக்குத் தெரியும். அதே காத்துதான் எங்க படுக்கையறைக்குள்ளயும் வருது. ஆனா ஆன்லைன்ல பார்ட்டிக்கிள் போர்டு டிவி யூனிட்டு வாங்கி வைக்கிறாக, ஒரு மழைக்காலம் போகட்டும், அடிப்பலகை தண்ணி குடிச்சு உப்பி, ஓரத்துல ஒட்டுன டேப்பு வாயத் தொறந்து, உள்ள மரத்தூளு கையோட உதிருது, ஸ்க்ரூ திருகுனா பிடிக்க எடமில்லாம சுத்துது. பிளைவுட் கேட்டா எம்ஆர் கிரேடு குடுத்துட்டு வாட்டர்ப்ரூஃப்னு சொல்லி விக்கிறாக, எம்ஆர்னா லேசான ஈரம் தாங்கும் அவ்வளவுதான், அதுக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 303. கிச்சனுக்கும் பாத்ரூம் பக்கத்துக்கும் ஐஎஸ் 710 முத்திரை அடிச்ச, கொதிக்கிற தண்ணியும் தாங்குற பிடபிள்யூபி பிளைவுட்தான் வேணும், முத்திரை ஒவ்வொரு ஷீட்டுலயும் இருக்கும், கேட்டுப் பாத்து வாங்கணும். கீல், ஸ்க்ரூ எல்லாம் 304 எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடலுக்கு நேரா இருக்கிற வீடுன்னா 316 ரகம், அதுல மாலிப்டினம்ங்கிற உலோகம் சேத்திருக்கிறதால உப்ப தாங்கும்.

சுவரு இன்னும் பாவம். தரைல இருந்து ரெண்டடி உசரத்துக்கு உப்பு பூத்து, பட்டி பொரிஞ்சு, பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு நிக்கும். அத மறைக்க பிவிசி பேனல் அடிக்கச் சொல்லி என்னக் கூப்பிடுறாக. ஈரம் உள்ளயே அடைபட்டு இன்னும் மேல ஏறும்னு சொன்னா, "படத்துல அழகா இருக்கே"ங்குறாக. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்த வெளிய விட்டுரும், பெரியவுக அதான் பூசுனாக. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடில பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுன சர்ச் சுவரு இன்னும் உப்புக் காத்துல நிக்குது. அந்தக் கல்ல இப்ப எடுக்கக் கூடாது, எடுக்கவும் வேணாம், ஆனா சுண்ணாம்பு கெடைக்குதே. இந்த இடத்துல இன்னொண்ணும் சொல்லிர்றேன், ஷோகேஸ்ல வைக்க பவளம், கடல்குதிரைன்னு தேடி வாங்குறாக, ரெண்டும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, வச்சிருந்தா கேஸ். கடக்கரை அழகு வேணும்னா எங்க பனை ஓலைத் தட்டி இருக்கு, ஜன்னலுக்கு மாட்டுனா கூச்சமும் கொறையும் காத்தும் வரும், முடையுற பொம்பளைகளுக்கு நாலு காசும் கெடைக்கும். பழைய ஓட்டு வீடு பிரிக்கிற எடத்துல கூரையத் தாங்குன பனமரச் சட்டம், பனங்கைன்னு சொல்வோம், அது வெறகு வெலைக்குப் போகுது, இழைச்சு எண்ணெய் பூசுனா அந்த கருப்பு வரி எந்த லேமினேட்லயும் வராது.

ஐயா, என் வேண்டுகோள் இதுதான். வீட்டுப் படம் போட்டா கூட ஒரு சின்ன பிளானும் போடுங்க, வடக்கு எந்தப் பக்கம், ஜன்னல் எங்க, ரூம் அளவு என்ன, என்ன பிளைவுட், எந்த ஊரு வீடுன்னு. வருஷத்துல ஒரு தடவையாவது தொண்டில இருந்து சாயல்குடி வரைக்கும் உள்ள கடக்கரை வீடுகள வச்சு ஒரு பக்கம் போடுங்க. ஆளு அனுப்புனா வேலை முடிஞ்ச வீடுகள, அந்த வீட்டுக்காரவுக சம்மதத்தோட, நானே கூட்டிட்டுப் போயி காட்டுறேன், அளவும் எடுத்துத் தர்றேன்.

இப்படிக்கு,
மர வேலை செய்யும் ஒரு வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்