நொய்யல் கரையிலிருந்து கொள்ளிட முகத்துவாரத்துக்கு

கூழையார், பழையாறு கடற்கரை மீனவப் பெருமக்களுக்கும், அங்குள்ள ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் இரவும் பகலும் காவலிருக்கும் வனத்துறைக் களப்பணியாளர்களுக்கும், சென்னிமலை, சோமனூர், கோவை வட்டாரங்களில் எங்களுக்குக் கைகொடுத்த அனைவருக்கும், சென்னிமலை ஒன்றியத்து அரசுப் பள்ளி ஒன்றின் சுற்றுச்சூழல் மன்றம் சார்பில் பொறுப்பாசிரியர் எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றியை எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தைக்குச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பயணத்துக்கு ஒப்புதல் கேட்டுப் பெற்றோரைக் கூட்டியபோது, "ஏனுங்க சார், நம்மூரு ஆத்துலயே தண்ணியக் காணோம்; கடலாமைக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று எழுந்து கேட்டவர் அவர்தான். அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால், இதுவும் ஒரு சுற்றுலாவாகவே முடிந்திருக்கும். பதில் சொல்வதற்காக அன்று கரும்பலகையில் ஆற்றின் வழியை வரைந்தோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவையையும் திருப்பூரையும் கடந்து, ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரியில் வெள்ளம் மிகும்போது திருச்சி அருகேயுள்ள முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும் நீர், பழையாறு அருகே கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணலில்தான் பங்குனி ஆமைகள் என்று நம் மக்கள் அழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட ஏறி வருகின்றன.

கூட்டத்தில் இருந்த பெரியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கி, கீழேயுள்ள வயல்களும் கிணறுகளும் உப்பேறிப் போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் விதிமீறிய சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை நடந்த போராட்டத்தில் அலைந்தவர்களும் அவர்களில் உண்டு. மேலே இருப்பவன் ஆற்றில் விடுவதைக் கீழே இருப்பவன் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கேள்வி கேட்ட அந்தத் தந்தையே ஒப்புதல் படிவத்தில் முதல் கையெழுத்தைப் போட்டதோடு, துணைக்கும் வந்தார்.

பொரிப்பகத்தில் எங்கள் மாணவர்களுக்கு இரண்டு வேளை பொறுமையாகப் பாடம் சொன்ன வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஆமை ஏறிய தடத்தையும் இறங்கிய தடத்தையும் பிரித்தறிவது எப்படி, இரண்டுக்கும் நடுவே குச்சியால் மெல்லக் குத்தி மணல் இளகிய இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டிய பிறகு, மணலில் முழங்கை அளவு ஆழத்துக்குக் குடுவை வடிவில் குழி தோண்டிக் காட்டினார்கள். வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்கும் அந்தக் குழியைத் தாய் ஆமை தன் பின்துடுப்புகளால் தோண்டுகிறது என்று சொன்னபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கையாலேயே முயன்று பார்த்துச் சரியாக வராமல் வெட்கப்பட்டான். ஒரு குழியில் நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், முட்டையைப் புரட்டினாலே கரு அழிந்துவிடும். முட்டைக் குழிகளைத் தேடிக் கரையோரம் போகும் இரவு நடைக்கு ஏன் இத்தனை அவசரம் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. நாயும் நரியும் தோண்டிவிடும் என்பது இன்னொரு காரணம்.

அங்கே ஒவ்வொரு குழியின் மேலும் முட்டையிட்ட தேதியும் எண்ணிக்கையும் எழுதிய சிறு பலகை நட்டிருக்கிறது. ஏறத்தாழ 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் பொரித்து வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. செல்சியஸ் கணக்கில் முப்பதை ஒட்டிய ஓர் அளவுக்கு மேலே சென்றால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், கீழே இறங்கினால் பெரும்பாலும் ஆண் குஞ்சுகள், மிகவும் சூடேறினால் எதுவுமே பிழைக்காது. பங்குனி வெயிலில் மணலைக் குளிர்ச்சியாக வைத்திருக்க நிழல்வலை வேண்டும் என்று காவலர்கள் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, தம் நாற்றுப் பண்ணையிலிருந்து நிழல்வலைச் சுருள்களைத் தம் செலவிலேயே லாரி ஏற்றி அனுப்பிய சென்னிமலைப் பெரியவருக்கு நன்றி. தக்காளி நாற்றுக்கு வாங்கிய வலை ஆமைக்கு நிழல் கொடுப்பதில் அவருக்கு இன்னும் சிரிப்புத்தான்.

முட்டைகளைக் கொண்டுவரப் பைகள் வேண்டும் என்றபோது, விலை பேசாமல் காடா துணியைக் கொடுத்த சோமனூர் விசைத்தறி உரிமையாளருக்கும், அதைப் பைகளாகத் தைத்துக் கொடுத்த மகளிர் குழுவினருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கூலி உயர்வுக்காகத் தறிகள் நின்றிருந்த நாட்களில் அந்தத் துணி வந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடி என்ற வலைகளில் பொருத்த வேண்டிய ஆமை விலக்கு சாதனத்தின் மாதிரியை, படங்களை மட்டும் பார்த்துக் குழாய்களை வளைத்து வெல்டு வைத்து முழு அளவில் செய்து கொடுத்தார். சாய்வாக நிற்கும் கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் இறாலும் மீனும் புகுந்து மடிக்குள் போய்விட, ஆமை மட்டும் சட்டத்தில் மோதி மேலேயுள்ள திறப்பு வழியே வெளியேறுவதை, பந்தையும் கூழாங்கற்களையும் வைத்து எங்கள் பிள்ளைகள் இப்போது ஊர் ஊராகச் செய்து காட்டுகிறார்கள். இந்தியக் கடலுக்கு ஏற்ற இத்தகைய சாதனத்தை வடிவமைத்தது கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம்.

குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சிக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இந்தக் கம்பிச் சட்டத்துக்குக் கிடைப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து பெரிதானால் அதிகம் என்பார்கள். அப்படித் தப்பிப் பிழைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்து கரைக்குத் திரும்பும் ஒரு தாய் ஆமை மடியில் சிக்கி இறந்தால், ஒரு பருவத்தின் பொரிப்பக உழைப்பே வீணாகிறது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. மேலே வர வழியில்லாமல் வலைக்குள் மணிக்கணக்கில் இழுபட்டால் மூழ்கித்தான் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய ஆமைகளுக்குப் பெரும்பாலும் இதுவே நேர்ந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இது பற்றி எங்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசிய பழையாற்று மீனவ ஐயா அவர்களுக்கு நன்றி. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்ள விதி. ஆமைகள் கூடுவதோ பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை நீடிக்கிறது. அதற்குள் ஆமைப் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கம்பிச் சட்டம் போட்டால் பாடும், அதாவது பிடிபட்ட மீனும், கொஞ்சம் வெளியேறிவிடும், டீசல் விற்கும் விலையில் அந்த நட்டத்தை யார் ஈடுகட்டுவது என்று அவர் கேட்டார். கோவை உக்கடம் மீன் சந்தையில் இறால் விலையைப் பேரம் பேசி வாங்கும் எங்களுக்கும் அந்தக் கேள்வியில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அவரே தம் செவுள் வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்க வலையை அறுத்துவிட்டவர் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

1970-களில் சென்னைக் கடற்கரையில் ஒரு சிலர் தொடங்கிய இரவு நடையை 1988 முதல் இன்றுவரை விடாமல் நடத்திவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவுக்கு, அவர்களுடைய அனுபவம் எங்களுக்கு வழிகாட்டியது என்பதற்காக நன்றி. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்த தாய்மார்களுக்கும், சீர்காழியில் தம் வீட்டுத் திண்ணையையும் கூடத்தையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்த குடும்பத்தாருக்கும், வேன் ஓட்டுநருக்கும் நன்றி.

ஒரத்துப்பாளையம் அணையின் மேற்புறத்தில் ஒதுங்கும் பாலித்தீன், தெர்மாகோல், பனியன் கழிவு ஆகியவற்றை அடுத்த வெள்ளத்துக்கு முன் அள்ளிவிட ஊராட்சியும் நீர்வளத்துறையும் ஒப்புக்கொண்டுள்ளன. அந்தப் பணிக்கு டிராக்டரும் ஆட்களும் தருவதாகச் சொன்னவர்கள் புரட்டாசிக்குள் பள்ளிக்குத் தகவல் தருமாறு வேண்டுகிறோம். மீதமிருக்கும் காடா பைகள் தை மாதத்துக்குள் பொரிப்பகத்துக்கு அனுப்பப்படும். வரவு செலவுக் கணக்கு தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது; எவரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
பொறுப்பாசிரியர்,
சுற்றுச்சூழல் மன்றம்