பறவை பார்ப்போர் சங்கம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

இவ்வருடம் நான்கு நிர்வாகக் கூட்டங்கள். இரண்டுக்கு ஆள் போதவில்லை. தம்பலகாமம் வயலில் ஒரு காலை, நிலாவெளிக் களப்பில் ஒரு காலை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு சித்திரப் போட்டி.

சிங்கராஜ மழைக்காட்டுப் பயணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "எங்கட குளத்தில இல்லாத பறவையா?" என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். குளத்துக் கொக்கு வெட்டவெளியில் நின்று காட்டும். மழைக்காட்டில் அரைமணி நேரம் அட்டை கடிதான் மிச்சம். பிறகு திடீரென்று புலுனிகள் கலகலத்து முன்னே வர, கரிச்சான் காவல் பார்க்க, கூடவே வேறு இனங்களும் சேர்ந்து ஒரே ஊர்வலம். இப்படிப்பட்ட கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள், 12 இனங்கள் என்று அங்கே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் நடந்ததோ 1970களில் ஒட்டுப்பலகைக்கு மரம் தறித்து ஏற்றிய லொறிப் பாதை. எதிர்ப்பு வலுத்துத் தறிப்பு நின்றது. 1988இல் உலக மரபுரிமையானது. தறித்த இடத்தில் காடு திரும்பி வளர்கிறது, ஆனால் பழைய பெருமரங்களின் பொந்துகளுக்கு இன்னும் காலம் வேண்டும். எல்லைக்கு வெளியே தேயிலை நெருங்கி நிற்கிறது.

நாமும் யோக்கியமில்லை. நம்மில் ஒருவர் கைபேசியில் பறவைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார். தன் எல்லைக்குள் யாரோ புகுந்துவிட்டதாக எண்ணிப் பறவை கூட்டை விட்டு ஓடி வரும் என்று வழிகாட்டி கடிந்துகொண்டார். வெட்கமாகிவிட்டது.

பெயர் தந்தவர்கள் 22 பேர், வந்தவர்கள் 9 பேர். பஸ்காரர் முழு வாடகையும் வாங்கினார். பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கலையில் ஒரு புது ஆந்தையின் குரலைக் கேட்டு, 2001இல் சிங்கராஜவில்தான் அதைக் கண்ணால் கண்டார். ஆறு வருடம்! நமது அங்கத்தவர்களுக்கு விடிய நான்கு மணிக்கு பஸ் நிலையம் வர முடியவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரி. பஸ் வாடகையில் விழுந்த துண்டை ஒருவர் கையிலிருந்து போட்டார். யாரென்று பொருளாளருக்குத் தெரியும். சந்தா பாக்கிப் பட்டியல் பின்சுவரில் ஒட்டியுள்ளது, தேநீருக்குப் போகும் வழியில்தான்.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்த அக்காமாருக்கும் நன்றி.

அடுத்த வருடம் வேறொருவர் இப்பொறுப்பை ஏற்றால் கோப்புகளை இன்றே ஒப்படைப்பேன். தொலைநோக்கிகள் இரண்டும் என்னுடைய சொந்தம் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

செயலாளர்