தேவார வகுப்பை அந்தத் தம்பியிடமே திருப்பிக் கொடுங்கள்

எங்கள் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நாமெல்லாம் திரையில் பார்த்து வளர்ந்த ஒருவர், தாம் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம் வாட்ஸாப் குழுவில் அது பட்ட பாடு போதும். அதையொட்டி, இத்தகையோரை மாற்றலாம், இது நம் பண்பாட்டில் இல்லாதது என்றெல்லாம் எழுதி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றியும், பிறகு தேவார வகுப்பில் நீங்கள் செய்ததைப் பற்றியும்தான் இந்த மடல். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். வகுப்பை, அதை நடத்திவந்த அந்தத் தம்பியிடமே கொடுங்கள்.

அந்தத் தம்பி செய்த குற்றம் என்ன? வாட்ஸாப் குழுவில் வசைகள் வந்து குவிந்துகொண்டிருந்தபோது, 'அவருடைய துணிச்சலுக்கு வாழ்த்துகள்' என்று ஒரே ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை, ஒரு கடிதம் இல்லை. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதற்காக, பாடல்களை ஆங்கில எழுத்தில் வரிவரியாக எழுதி, பண்ணோடு தானே பாடிப் பதிவு செய்து வீடுவீடாக அனுப்பியவர் அவர். போன தைப்பூசத்துக்குக் காவடிக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தபோது, உங்களில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தப் பாட்டு யார் கற்றுக்கொடுத்தது?

அவருடைய அம்மாவை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது விடியுமுன் வந்து அடுப்பு மூட்டுகிறவர் அவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் சமையற்கட்டில் காய் நறுக்குவார். அங்கே பத்துப் பேர் நடுவில் ஒருவர் கேட்டார்: 'பிள்ளையை டாக்டரிடம் காட்டினீங்களா?' அவர் பதில் சொல்லவில்லை. நறுக்கிக்கொண்டிருந்த பூசணியை முடித்துவிட்டு, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கேட்டவர் உங்கள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு வந்தவர். 'இத்தகையோரைத் தக்க ஆலோசனையால் மாற்றலாம்' என்று எழுதியது நீங்கள்.

அந்தத் தம்பி யாரை விரும்புகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. அது தெரிந்தால்தான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கலாமா? அவரும் அவருடைய அம்மாவும் சரியென்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

மாற்றலாம் என்று எதை வைத்து எழுதினீர்கள்? உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990-ல். சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒருவரையொருவர் விரும்பி வீட்டை விட்டு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயம் தமக்குச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே அவர் தீர்ப்பெழுதினார். மருத்துவத்தால் 'மாற்றுகிறோம்' என்ற முயற்சிகள் கூடாது என்று 2021 ஜூனில் ஆணையிட்டார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தப் பணிவு ஒரு கோயில் குழுவுக்கு வரக்கூடாதா?

'மேல்நாட்டிலிருந்து வந்தது, நம் பண்பாட்டில் இல்லாதது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் முன்னோர் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கியது 1860 நவம்பர் 16. ஒவ்வோராண்டும் அந்த நாளில் விளக்கேற்றுகிறோம். அதே 1860-ல்தான் வெள்ளைக்கார அரசு இந்தியத் தண்டனைச் சட்டத்தை இயற்றி, அதன் 377-ஆம் பிரிவில் தன்பால் உறவைக் குற்றமென்று எழுதியது. கரும்புத் தோட்டத்துக்கு நம்மைக் கூலியாக அனுப்பிய ஆட்சி எழுதிய சட்டம் அது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. மேல்நாட்டிலிருந்து வந்தது எது என்று பொறுமையாக யோசித்துப் பாருங்கள்.

இந்த நாட்டில் நம் மொழிக்கும் மதத்துக்கும் எந்த வரி காவல் நிற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பின் ஒன்பதாம் பிரிவு. யாரையும் ஒதுக்கக் கூடாத காரணங்களை அது வரிசையாகச் சொல்கிறது. நிறம் என்று சொன்ன கையோடு பாலீர்ப்பு என்று சொல்கிறது. அதே மூச்சில் மதம், பண்பாடு, மொழி, பிறப்பு என்று முடிக்கிறது. பண்பாட்டைக் காக்கும் உரிமை 31-ஆம் பிரிவில் இருக்கிறது என்று உங்கள் செயலாளர் குழுவில் எழுதினார். இருக்கிறது. அந்த உரிமையை மற்ற உரிமைகளுக்கு முரணாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

திருமணத்தைப் பற்றியும் நீங்கள் கடுமையாக எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படியோ பதிவாளர் முன்போ நடக்காத கல்யாணம் செல்லாது என்றாகிவிட்டது. ஒரே நாளில் நம் பாட்டிமார் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தாள். அவள் படத்துக்கு நாம் மாலை போடுகிறோம். உன் உறவு உறவே இல்லை என்று இன்னொருவர் சொல்வது எப்படி வலிக்கும் என்று இந்த மண்ணில் நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2006 முதல் இந்த நாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணந்துகொள்ளலாம். நம் கோயிலில் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இழிவுபடுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் சுற்றறிக்கை அந்தப் பிரபலத்தின் கண்ணில் படப்போவதில்லை. பட்டாலும் அவருக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ரசிகர்கள் இருக்கிறார்கள். அப்படிப் புகழ் இருந்தும் இந்திய ஓட்டவீராங்கனை டூட்டி சந்த் என்ன பாடுபட்டார்! தன் கிராமத்துப் பெண்ணோடு உறவில் இருப்பதாக அவர் 2019 மே மாதம் சொன்னபோது சொந்த அக்காவே எதிர்த்தார். ஜூலையில் நேப்பிள்ஸில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். நம் தெருப் பிள்ளைக்குத் தங்கமும் இல்லை, ரசிகரும் இல்லை. அவனுக்கு இருப்பது நாம்தான். குழுவில் ஒவ்வொரு வசையும் விழும்போது, வாய் திறக்காமல் வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தன்பாலீர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த இமாம் முஹ்சின் ஹென்ரிக்ஸை 2025 பிப்ரவரியில் இந்த நாட்டின் கெபெர்கா நகரில் காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். காரணம் எதுவென்று விசாரணை சொல்லட்டும். ஆனால் அந்தச் செய்தி வந்த இரவில் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்!

இத்தனை ஆண்டுகளில், குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர்களைப் பற்றி இந்தக் குழுவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக் கூடத்தில் நடக்கும் அந்தக் கொடுமை எல்லாருக்கும் தெரியும். அடிக்கிறவர் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறார், மாலையும் வாங்கிக்கொள்கிறார். இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை, தமிழ் படிக்க ஆளில்லை என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வருத்தப்படுகிறீர்கள். வந்த ஒருவரை இப்படியா அனுப்புவது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் எனக்கு அண்ணன் முறை. என் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நின்றவர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். ஆடி பிறப்பதற்குள் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றதாக, அதை அனுப்பிய அதே குழுவில் எழுதுங்கள். தேவார வகுப்புப் பலகையில் அந்தத் தம்பியின் பெயரை மறுபடி எழுதுங்கள். உங்களில் மூத்தவர் இருவர் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய், அந்த அம்மாவை வழக்கம்போல அடுப்பு மூட்ட வரும்படி அழையுங்கள். வாட்ஸாப்பில் வேண்டாம், தயவுசெய்து நேரில் போங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
டர்பன்