வாலில் கத்தரி வைக்காதீர்கள்: முத்தொகுதிப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேன்டசி நாவல்களைச் செம்மைப்படுத்தும் பதிப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

மூன்றாம் தொகுதி இழுக்கிறது என்று வாசகர்கள் அலுத்துக்கொண்டால் உங்கள் கை நேராகக் கடைசி நூறு பக்கங்களுக்குப் போகிறது. வில்லன்தான் ஒழிந்தானே, இனி என்ன கதை என்று வெட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். இழுவை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முத்தொகுதியின் கடைசி நூலான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' 1955 அக்டோபரில் வெளிவந்தது. ஒரே நாவலாக எழுதப்பட்டதைக் காகித விலைக்குப் பயந்து பதிப்பாளர் மூன்றாக்கினார். உங்கள் தொழிலின் மாதிரி வடிவமே இப்படிக் கணக்குப் பார்த்துப் பிறந்ததுதான். அந்த முழு நாவலின் கடைசிப் பகுதியான ஆறாம் பகுதியில், மூன்றாம் அத்தியாயத்திலேயே வில்லனின் பலம் அடங்கிய மோதிரம் நெருப்பில் விழுந்துவிடுகிறது. பிறகு இன்னும் ஆறு அத்தியாயங்கள். 2003-இல் வந்த படத்துக்கு எத்தனை முடிவுகள் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் படமே, நாயகனின் சொந்த ஊரான ஷயரை மீட்கும் கதையை விட்டுவிட்டுத்தான் வந்தது.

அந்த ஆறு அத்தியாயங்களில் என்ன நடக்கிறது? ஊர் திரும்பும் வழியில் ஆற்றுத்துறை ஒன்றைக் கடக்கும்போது மோதிரத்தைச் சுமந்து போன நாயகன் ஃப்ரோடோ பேச்சற்றுப் போகிறான். அன்று அக்டோபர் 6. சரியாக ஓராண்டுக்கு முன் தோளில் கத்தி இறங்கிய நாள். காயம் மறுபடி வலிக்கிறது. ஷயருக்கு வந்தால் சாருமான் என்ற கெட்ட மந்திரவாதியின் அடியாட்கள் மரங்களை வெட்டிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களை விரட்டும் சண்டையில் ஹாபிட்டுகள் எனப்படும் அவ்வூர்க் குள்ள மக்களில் பத்தொன்பது பேர் சாகிறார்கள். வில்லனின் நாடான மோர்டோர் வரை போய் வந்தவனுக்குச் சொந்த ஊரில் நிலைகொள்ள முடியவில்லை என்பதை இவ்வளவு நிதானமாகச் சொல்லாவிட்டால், கடைசியில் அவன் ஊரைவிட்டே கப்பல் ஏறுவதை யார் நம்புவார்கள்? இதை வெட்டுவது பாயசம் வரும் நேரத்தில் இலையை எடுப்பதுபோல.

அந்த நூலில் வேகம் கெடும் இடங்கள் உண்டு. அவை வேறு இடத்தில் இருக்கின்றன. இறந்தோரின் ஆவிப் படையோடு, பின்னால் அரசனாகும் ஆரகார்ன் பெலார்கிர் துறைமுகத்துக்குப் போய் எதிரியின் கப்பல்களைக் கைப்பற்றுவது கண்முன் நிகழ்ந்திருக்க வேண்டிய காட்சி. எல்லாம் முடிந்தபின் அவன் தோழர்கள் லெகோலாஸும் கிம்லியும் உட்கார்ந்து அதைக் கதையாகச் சொல்கிறார்கள். ஆரகார்ன்-ஆர்வென் காதலோ பின்னிணைப்பில் கிடக்கிறது. அதனால் நாவலுக்குள் நடக்கும் திருமணம், முன்பின் பழகாத வீட்டிலிருந்து வந்த அழைப்பிதழாக நிற்கிறது. இத்தனைக்கும் அந்தப் பின்னிணைப்புகள் முடியாததால்தான் மூன்றாம் தொகுதியே தாமதமானது.

பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' முத்தொகுதியின் கடைசி நூலான 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) இன்னும் தெளிவான உதாரணம். எனக்குப் பிடித்த நூல் என்பதால் ஆதங்கமும் அதிகம். நாயகி லைராவைத் தாயே மருந்து கொடுத்து ஒரு குகையில் தூங்கவைத்திருக்கிறாள். தொடக்க அத்தியாயங்கள் பலவும் அப்படியே கழிகின்றன. மற்றவர்கள் ஆளுக்கொரு திசையிலிருந்து அவளை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கடவுள் என்று கொண்டாடப்படும் அதாரிட்டியை வீழ்த்தவே ஒரு பெரும்படை திரள்கிறது. அந்த அதாரிட்டியோ, தான் அடைபட்டிருக்கும் பளிங்குப் பல்லக்கை லைராவும் அவள் தோழன் வில்லும் இரக்கப்பட்டுத் திறந்ததும் காற்றில் கரைந்துபோகிறார். அவர் யார் என்றுகூட அந்தச் சிறுவர்களுக்குத் தெரியாது. அருமையான கற்பனை. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது; குகைக்குத் தந்த பக்கங்களில் பத்தில் ஒன்றை இங்கே தந்திருக்கலாம்.

இரண்டாம் தொகுதியின் முடிவில் பாத்திரங்களை மூலைக்கொருவராகச் சிதறடித்துவிட்டு, மூன்றாவதில் அவர்களை ஓரிடத்தில் சேர்க்கவே பாதிப் புத்தகத்தைச் செலவழிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அச்சுக்குப் போகும் தேதி நெருங்கும்போது மிச்சம் இருப்பது முடிவு மட்டும்தான். வெட்டு அதன் தலையில் விழுகிறது. எழுத்தாளர் பக்கமும் தவறு உண்டு. ஆனால் இரண்டாம் தொகுதியின் கைப்பிரதி உங்கள் மேசையில் இருக்கும்போதே, 'இவர்களை இவ்வளவு தூரம் பிரிக்கிறீர்களே, எத்தனை பக்கத்தில் கூட்டி வருவீர்கள்?' என்று கேட்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த முறை அதைக் கேளுங்கள். பயணங்களைக் குறையுங்கள், நான்காவது போர்முனையை எடுத்துவிடுங்கள். காசு கொடுத்து மூன்று தொகுதிகள் வாங்கியவர்களுக்கு, போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று படிக்கப் பொறுமை இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் தொகுதிகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரு வாசகன்